டிஸ்னிலேண்ட்: நாற்காலியில் யார் என்று பெயின்ட் சொல்லும்

மருத்துவமனைக் கட்டடங்களைப் பராமரிப்பது என் தொழில். எந்த இடத்துக்குப் போனாலும் கண் முதலில் மேலே போகும், எத்தனை பல்பு எரியவில்லை என்று பார்க்க. அப்புறம் கை தானாகக் கைப்பிடிக்குப் போகும். பெயின்ட் உரிந்திருக்கிறதா, உரிந்த இடத்தைச் சுரண்டித் தேய்த்துப் பூசினார்களா, இல்லை மேலேயே ஒரு கோட் அடித்து மூடிவிட்டார்களா என்று விரலுக்குத் தெரிந்துவிடும். கலிஃபோர்னியாவின் அனாஹைமில் இருக்கும் டிஸ்னிலேண்ட் பூங்காவுக்கு 2025 நவம்பர் முதல் வாரத்தில் போய்வந்தேன். இந்த விமர்சனத்தையும் அந்தக் கண்ணோடும் அந்தக் கையோடும்தான் எழுதுகிறேன்.

போகும் வழியெல்லாம் காரில் ஒரே பேச்சு: ஐகருக்குப் பிறகு யார்? டிஸ்னி கம்பெனியின் தலைமைச் செயல் அதிகாரியாக அப்போது இருந்த பாப் ஐகரின் ஒப்பந்தம் 2026 கடைசியோடு முடிவதாக இருந்தது. அடுத்தவர் யார் என்பதை 2026 தொடக்கத்தில் அறிவிப்போம் என்று இயக்குநர் குழு சொல்லியிருந்தது. அப்போது பூங்காக்களைக் கவனித்த ஜோஷ் டமாரோ, தொலைக்காட்சிப் பக்கம் இருந்த டேனா வால்டன், படப்பிரிவின் ஆலன் பெர்க்மன், விளையாட்டுச் சேனலான இஎஸ்பிஎன்னின் ஜிம்மி பிடாரோ என்று நாலு பேர் பெயர் அடிபட்டது. கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகளுக்கு வால்டன்தான் வர வேண்டும். கதை இல்லாமல் இந்தக் கம்பெனியே இல்லை, கதையைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர்தான் உட்கார வேண்டும் என்பது அவள் கட்சி. மச்சானுக்கு ஐகரை விட்டால் ஆளே கிடையாது. 2006-ல் பிக்ஸார் 740 கோடி டாலர், 2009-ல் மார்வெல், 2012-ல் லூகாஸ் ஃபிலிம் என்று ஐகர் வாங்கிச் சேர்த்த கம்பெனிகளை ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணினார்.

நான் உள்ளே போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"மாமா, லைட்டு எரியுதான்னு பாத்தா சி.இ.ஓ. நல்லவரான்னு தெரிஞ்சிடுமா?" என்று தங்கை மகள் கேட்டாள். தெரியும் என்றுதான் நான் நம்புகிறேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

1984-ல் மைக்கேல் ஐஸ்னரும் ஃபிராங்க் வெல்ஸும் பொறுப்புக்கு வந்தபோது கம்பெனி தள்ளாடிக்கொண்டிருந்தது. இருவரும் சேர்ந்து தூக்கி நிறுத்தினார்கள். 1994-ல் வெல்ஸ் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்துபோனார். அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் டிஸ்னிலேண்டை நடத்த வந்தவர் பால் பிரஸ்லர், டிஸ்னி கடைகளை நடத்திய அனுபவத்தோடு வந்தவர். பராமரிப்புச் செலவில் கை வைத்தார்கள். பெயின்ட் உரிகிறது, விளக்குகள் அணைந்து கிடக்கின்றன என்று ரசிகர்கள் படம் பிடித்துக் காட்டிக் கத்திக்கொண்டே இருந்தார்கள். சின்ன விஷயத்துக்குப் போய்ப் புலம்புகிறார்கள் என்று பலருக்கும் தோன்றியிருக்கும். 2003 செப்டம்பரில் பிக் தண்டர் மவுன்டன் என்ற ரோலர் கோஸ்டர் ரயில் தடம் புரண்டு ஓர் இளைஞர் இறந்தார். பராமரிப்பைச் சரியாகச் செய்யாததுதான் காரணம் என்று மாநில அரசின் விசாரணை சொன்னது. என் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த அறிக்கையைப் படித்தால் வயிறு கலங்கும். கண்ணுக்குத் தெரியும் பெயின்டையே விட்டுவிடுகிறவர்கள் கண்ணுக்குத் தெரியாத போல்ட்டை மட்டும் இறுக்கிவிடுவார்களா?

அந்த வருஷமே மேட் வீமெட் டிஸ்னிலேண்டின் தலைவராக வந்தார். 2005-ல் வந்த ஐம்பதாம் ஆண்டுக்காகப் பூங்காவையே மறுபடி பூசினார்கள், விளக்குகளைச் சரி செய்தார்கள், ஸ்பேஸ் மவுன்டன் என்ற ரோலர் கோஸ்டரின் தண்டவாளத்தையே புதிதாகப் போட்டார்கள். ரசிகர்கள் இன்றும் அவர் பெயரைப் பாசத்தோடு சொல்கிறார்கள். மேலே ஐஸ்னரின் கதை அதற்குள் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. கம்பெனியைத் தொடங்கிய வால்ட் டிஸ்னியின் அண்ணன் மகன் ராய் டிஸ்னி இயக்குநர் குழுவிலிருந்து விலகி வெளிப்படையாகப் போராடினார். 2004 மார்ச்சில் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த பங்குதாரர் கூட்டத்தில் 43 சதவீத வாக்குகள் ஐஸ்னருக்குக் கிடைக்காமல் போயின. அடுத்த வருஷம் ஐகர் வந்தார்.

சரி, பூங்காவுக்கு வருகிறேன்.

வாசலைத் தாண்டி ரயில் பாதைக்கு அடியில் நுழைந்து வெளியே வந்தால் டவுன் ஸ்கொயர். இடது பக்கம் தீயணைப்பு நிலையம். அதன் மாடியில்தான் வால்ட்டும் அவர் குடும்பமும் தங்கும் சின்ன வீடு இருந்தது. ஜன்னலில் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். பட்டப்பகலிலும் எரிகிறது. அவர் இறந்த 1966-லிருந்து 2025 வரை கணக்குப் பார்த்தால் 59 வருஷம். நான் அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். கூட்டம் என்னைச் சுற்றிக்கொண்டு போனது.

மெயின் ஸ்ட்ரீட்டில் கடைகளின் விளிம்பு முழுக்கச் சின்னச் சின்ன பல்புகள் வரிசையாக ஓடுகின்றன. மாலையில் அவை எரியத் தொடங்கியதும் தெருவின் ஒரு பக்கத்தை ஆரம்பத்திலிருந்து கோட்டை தெரியும் இடம் வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒன்றுகூட அணைந்திருக்கவில்லை. எதிர்ப்பக்கமும் அப்படியே. தங்கை மகள் முதலில் சலித்துக்கொண்டாள், பிறகு அவளும் எண்ண ஆரம்பித்தாள். இத்தனை ஆயிரம் பல்பு இருக்கும் இடத்தில் ஒன்றும் அணையாமல் இருப்பது தற்செயல் இல்லை. யாரோ ஒருவர் தினமும் ராத்திரி ஏணியோடு நடக்கிறார், அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க மேலே யாரோ கையெழுத்துப் போடுகிறார்.

அப்புறம் இரும்புக் கைப்பிடி. கை வைத்தால் விளிம்பே தெரியாது. கோட் மேல் கோட்டாக அடித்து அடித்து மூலையெல்லாம் உருண்டு, பழைய மரத் தொட்டிலின் கம்பியைத் தொடுவதுபோல வழவழவென்று இருக்கிறது. ஆனால் எங்கும் கொப்புளமோ வழிந்த சொட்டோ இல்லை. சுரண்டித் தேய்த்து, ப்ரைமர் அடித்து, அதற்கு மேல் பூசிய வேலை. எங்கள் ஆட்களுக்குக் காட்ட ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

ஆப்பரா ஹவுஸில் இப்போது வால்ட்டையே பொம்மையாகச் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். பூங்காவின் எழுபதாம் பிறந்தநாளான 2025 ஜூலை 17 அன்று தொடங்கிய காட்சி. முன்கூடத்தில் ஒரு பழைய பெஞ்ச் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் கிரிஃபித் பார்க்கில் மகள்கள் ராட்டினம் சுற்றும்போது வால்ட் உட்கார்ந்திருந்த இடத்து பெஞ்ச். பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அங்கே வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். உள்ளே முதலில் அவர் வாழ்க்கையைப் பற்றி ஒரு படம். பிறகு திரை விலகினால் தன் அலுவலக மேசையில் சாய்ந்தபடி வால்ட் நிற்கிறார், பேசுகிறார், நிமிர்கிறார். குரல் பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து எடுத்த அவருடைய சொந்தக் குரல்.

அவருடைய பேத்தி ஒருவர் இதை வெளிப்படையாகவே எதிர்த்தார். தாத்தாவைப் பொம்மையாக்காதீர்கள் என்று மனம் வெந்து பேசினார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. எனக்கு முகத்தைப் பார்த்தபோது நெஞ்சில் ஒன்றும் வரவில்லை. கைகளைப் பார்த்தபோதுதான் என்னமோ செய்தது. ஒரு விஷயத்தை விளக்குகிறவர் கை எப்படிக் காற்றில் அளவு காட்டுமோ அப்படியே காட்டுகிறது. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு தடவை கட்டாயம் பார்க்கலாம். ஆனால் அந்த ஜன்னல் விளக்கு சொல்வதைவிட இந்தப் பொம்மை அதிகமாக எதுவும் சொல்லவில்லை என்பது என் முடிவு.

மச்சானோடு எனக்கு வந்த வாக்குவாதம் பணத்தைப் பற்றி. ஐகருக்குப் பிறகு கொஞ்ச காலம் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த பாப் சேபெக்கின் காலத்தைத் திட்டாத ரசிகர் கிடையாது. திட்ட விஷயமும் உண்டு. நீண்ட வரிசையில் நிற்காமல் சவாரி போக 1999-லிருந்து இலவசமாக இருந்த ஃபாஸ்ட்பாஸ் போய், 2021 டிசம்பரில் டிஸ்னிலேண்டில் ஆளுக்கு 20 டாலருக்கு ஜீனி பிளஸ் வந்தது. 2022-ல் ஒரு காலாண்டு அறிக்கையில் டிஸ்னிலேண்டுக்கு வரும் கூட்டத்தின் கலவை சாதகமாக இல்லை என்று எழுதினார்கள். வருஷ பாஸ் வைத்துக்கொண்டு அடிக்கடி வருகிறவர்களைத்தான் சொல்கிறார்கள் என்று எல்லோருக்கும் புரிந்தது. ரசிகர்கள் அந்த வார்த்தையை டி-ஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு பூங்காவுக்கு வந்தார்கள். வருஷக்கணக்கில் வந்துகொண்டிருந்தவர்களுக்கு அந்த வார்த்தை எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது.

ஆனாலும் சேபெக்குக்கு ஒரு நியாயம் பேச வேண்டும். அவர் பொறுப்பேற்றது 2020 பிப்ரவரி 25. பதினெட்டாம் நாள் கொரோனாவுக்காகப் பூங்காவைப் பூட்டினார்கள். திறந்தது 2021 ஏப்ரல் 30-ல். வேறு எந்தத் தலைவருக்கும் இப்படி ஒரு ஆரம்பம் வாய்க்கவில்லை. 2022 நவம்பரில் ஒரு ஞாயிறு இரவு அவரை அனுப்பிவிட்டு ஐகரைத் திரும்பக் கூட்டிவந்தபோது மச்சான் வீட்டில் பாயசம் வைத்தார்கள். நானும் குடித்தேன்.

வந்தவர் என்ன செய்தார்? 2023 ஜனவரியில் சில விஷயங்களைத் தளர்த்தினார், குறைந்த விலை டிக்கெட் நாட்களைக் கூட்டினார். நல்லது. ஜீனி பிளஸை எடுத்தாரா? இல்லை. லைட்னிங் லேன் என்று பெயர் மாறியது, விலை ஏறியது. 2024 அக்டோபரில் ஒரே நாளுக்கு 400 டாலரில் பிரீமியர் பாஸ் என்று இன்னொன்று வந்தது. நாங்கள் போன 2025-ல் ஒரு நாள் டிக்கெட் 104-லிருந்து 224 டாலர் வரை போனது. 104 டாலர் நாட்களைத் தேடிப் பிடிப்பதற்கே தனியாக ஒரு காலண்டர் வேண்டியிருந்தது. சேபெக் செய்தால் பேராசை, ஐகர் செய்தால் நிர்வாகத் திறமை என்று ரசிகர்கள் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. இதை மச்சானிடம் வரிசையில் நின்றபோதே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கார்ஸ் லேண்டைப் போய்ப் பார்க்கலாம் வாருங்கள் என்றார்.

அவர் சொல்ல வந்தது எனக்குத் தெரியும். எதிரே இருக்கும் கலிஃபோர்னியா அட்வென்சர் 2001-ல் ஐஸ்னர் காலத்தில் கையைச் சுருக்கிக்கொண்டு கட்டிய பூங்கா. ஐகர் வந்து நூறு கோடி டாலருக்கு மேல் கொட்டி அதைத் திருத்தினார். 2012-ல் அங்கே திறந்த கார்ஸ் லேண்ட், பிக்ஸாரின் 'கார்ஸ்' படத்து ஊரைக் கட்டி நிறுத்திய பகுதி, அந்தத் திருத்தத்தின் உச்சம். சூரியன் இறங்கி, செம்பாறைகள் ஊதா நிறத்துக்குப் போகும் நேரத்தில் தெரு முழுக்க நியான் விளக்குகள் எரியும். அதைப் பார்க்க மட்டுமே நின்றிருந்தோம். குழாயில் ஒரு சிமிட்டல் இல்லை. நியானைக் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் மச்சான் ஜெயித்துவிட்டார், ஒத்துக்கொண்டேன்.

போகிறவர்களுக்கு: காலையில் கதவு திறக்கும் முன்பே வாசலில் நின்றால் முதல் இரண்டு மணி நேரத்தில் வேண்டிய சவாரிகளில் பாதியை முடித்துவிடலாம், லைட்னிங் லேன் வாங்கத் தேவையில்லை. மத்தியானக் கூட்டத்தில் ஆப்பரா ஹவுஸ், ரயில், பொம்மைப் பறவைகள் பாடும் டிக்கி ரூம் என்று உட்காரும் இடங்களாகப் பாருங்கள். டிக்கி ரூம் வாசலில் டோல் விப் என்ற அன்னாசி ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம். ஐந்துக்கு நாலு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது முழுக்க விலைக்காகத்தான். வேலை செய்கிறவர்களுக்கென்றால் ஐந்தும் கொடுப்பேன். 2024-ல்தான் அவர்களுடைய தொழிற்சங்கங்கள் போராடி மணிக்கு 24 டாலர் அடிப்படைச் சம்பளம் வாங்கின. வாளியும் துடைப்பமுமாக எங்கள் முன்னால் போன ஒரு பெண், கீழே கிடந்த ஒரு ஸ்ட்ராவை எடுக்கக் கூட்டத்துக்கு நடுவே குனிந்து போய் எடுத்ததைப் பார்த்தேன்.

திரும்பும்போது தங்கை மகள் மறுபடி கேட்டாள், "சரி மாமா, உங்க ஓட்டு யாருக்கு?"

டமாரோவுக்கு என்றேன். 2018-லிருந்து கொஞ்ச காலம் இந்த டிஸ்னிலேண்டையே நடத்தியவர், பூங்காவுக்குள் நடந்து போகிறவர், ரசிகர்களோடு நின்று பேசுகிறவர். விலை ஏறிய வருஷங்களிலும் பூங்காக்கள் அவர் பொறுப்பில்தான் இருந்தன, அதையும் மறக்கவில்லை. அவள் ஒப்புக்கொள்ளவில்லை. பூங்காவுக்குக் கூட்டம் வருவதே படங்களால்தானே என்று ஊர் வந்து சேரும்வரை வாதாடினாள். அவள் கேட்டதிலும் பதில் சொல்ல முடியாத இரண்டு கேள்விகள் இருந்தன.

யார் வந்தாலும் சரி, அவர் உட்கார்ந்து ஒரு வருஷம் ஆனதும் நாங்கள் எல்லோரும் மறுபடி போவதாக அன்று பேசிக்கொண்டோம். தெருவின் இடது பக்கம் எனக்கு, வலது பக்கம் அவளுக்கு. படம் எடுத்து வைத்திருக்கும் அந்தக் கைப்பிடியிலிருந்து ஆரம்பிப்போம்.