புரொப்பேன் லைனுக்கு ஏ106 பி போதுமா, ஏ333 கிரேடு 6 வேண்டுமா?

புரொப்பேன் காற்றழுத்தத்தில் மைனஸ் 42 டிகிரியில் கொதிக்கும். திரவம் நிறைந்த லைனில் அழுத்தத்தை வேகமாக இறக்கினால் பைப்பும் அந்தக் குளிருக்குப் பக்கத்தில் போய்விடும். 6 அங்குலம், ஷெட்யூல் 40, சுவர் 7.11 மி.மீ, டிசைன் அழுத்தம் 20 பார், கிளாஸ் 300 ஃபிளாஞ்ச், குறைந்தபட்ச டிசைன் வெப்பநிலை மைனஸ் 45 என்று ஒரு லைனை எடுத்து, ஆலைப் பைப்புகளுக்கான ஏஎஸ்எம்ஈ பி31.3 விதிப்படி, சாதாரண ஏ106 பி, குளிருக்கென்றே வரும் ஏ333 கிரேடு 6 என்ற இரண்டு எஃகுப் பைப்புகளையும் பார்ப்போம்.

ஏ106 பி கையிருப்பில் கிடைக்கும், விலையும் குறைவு. பி31.3-இல் இது ‘பி’ வளைவில் (எந்தத் தடிமனுக்கு எந்தக் குளிர் வரை டெஸ்ட் வேண்டாம் என்று காட்டும் கோடு) வருகிறது. 12.7 மி.மீ சுவர் வரை மைனஸ் 29 டிகிரி வரை இம்பாக்ட் டெஸ்ட் (குளிர்வித்த துண்டை அடித்து உடைத்து, எத்தனை ஜூல் தாங்குகிறது என்று பார்ப்பது) வேண்டாம். தடிமன் கூடக் கூட அந்த எல்லை மேலே ஏறி, 25 மி.மீ சுவருக்குச் சுமார் 0 டிகிரியில் வந்து நிற்கும். நம் லைனுக்கு இன்னும் 16 டிகிரி இடைவெளி இருக்கிறது. ஸ்ட்ரெஸ் ரேஷியோ (வரும் ஸ்ட்ரெஸ், அனுமதித்த ஸ்ட்ரெஸ்ஸில் எத்தனை பங்கு என்பது) ஏறத்தாழ 0.7-க்குள் இருந்தால் அதை அடைத்துவிடலாம்.

அந்த ரேஷியோவைப் பலரும் அரைகுறையாகத்தான் போடுகிறார்கள். சுவரில் மில் டாலரன்ஸ் (தயாரிப்பில் குறையக்கூடிய தடிமன்) 12.5 சதவீதம், துரு அலவன்ஸ் 1.5 மி.மீ கழித்தால் மிஞ்சுவது 4.72 மி.மீ. சுற்றளவு ஸ்ட்ரெஸ் 36 மெகாபாஸ்கல். அனுமதி 138, ரேஷியோ 0.26. இதோடு கணக்கை மூடக்கூடாது. ஃபிளாஞ்சுக்கு 20-ஐ அதன் ரேட்டிங் 51.1 பாரால் வகுக்க வேண்டும்: 0.39. மூன்றாவதாக, அழுத்தம், எடை, குளிரில் சுருங்குவதால் வரும் இழுப்பு எல்லாம் சேர்ந்த ஸ்ட்ரெஸ். லூப் (சுருக்கத்துக்கு இடம் கொடுக்கும் பைப் வளைவு) சரியில்லாத லைனில் இதுதான் 97 மெகாபாஸ்கலை, அதாவது 138-இல் 0.7 பங்கை, தாண்டிச் சலுகையையே இல்லாமல் ஆக்கும். மூன்றில் பெரியது எதுவோ அதுவே கணக்கு.

ரேஷியோ 0.3-க்குள் இருந்தால் மைனஸ் 104 வரை கூட டெஸ்ட் தேவையில்லை என்ற விதியும் உண்டு. அதற்காக, அழுத்தம் இறங்கியபின் இருக்கும் 2 பாரை வைத்துக் கணக்குப் போடுவது மிக ஆபத்தானது. உறைபனி படிந்திருக்கும்போதே யாராவது வால்வைத் திறந்து மறுபடி அழுத்தம் ஏற்றினால் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். 1998 செப்டம்பர் 25-இல் ஆஸ்திரேலியாவின் லாங்ஃபோர்டு எரிவாயு ஆலையில், கடுங்குளிரில் கிடந்த ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் சூடான எண்ணெயைத் திரும்ப விட்டார்கள். அது நொறுங்கியது, இரண்டு பேர் இறந்தார்கள்.

ஏ333 கிரேடு 6 வெப்பச் செயல்முறை முடித்தே வரும். மைனஸ் 45-இல், 10 மி.மீ முழு அகலத் துண்டுக் கணக்கில், மூன்று துண்டுகளின் சராசரி 18 ஜூல், எந்த ஒன்றும் 14-க்குக் குறையாமல் என்று சான்றிதழிலேயே இருக்கும். கூடவே ஃபிட்டிங் ஏ420 டபிள்யூபிஎல்6, ஃபிளாஞ்ச் ஏ350 எல்எஃப்2 கிளாஸ் 1 வாங்க வேண்டும். யார்டில் ஒரு சாதாரண ஏ105 ஃபிளாஞ்ச் கலந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. உலோகக் கலவையை அளக்கும் பிஎம்ஐ துப்பாக்கியும் காட்டிக்கொடுக்காது, வேதியியல் அவ்வளவு ஒட்டி இருக்கும். முத்திரையையும் ஹீட் நம்பரையும் (எந்த உருக்கில் வந்த உலோகம் என்ற எண்) படிப்பதுதான் ஒரே வழி.

குளிரில் மறுபடி அழுத்தம் ஏற வாய்ப்புள்ள எந்த லைனுக்கும் ஏ333-தான் சரி. பைப்பில் மிச்சம் பிடிக்கும் காசு இதற்கு ஈடாகாது.

அதோடு, ஏ106 எடுத்தால் வெல்டிங் டெஸ்ட் மிச்சம் என்று நினைப்பதும் தவறு. மைனஸ் 29-க்குக் கீழே வெல்டு உலோகத்துக்கு இம்பாக்ட் டெஸ்ட் வேண்டும் என்ற விதி தனியாக நிற்கிறது, ரேஷியோ 0.3-க்குள் இருந்தால்தான் அது விலகும். நம் லைனில் ஃபிளாஞ்சே 0.39. ஆக, இரண்டு பைப்புக்கும் பிக்யூஆர் (வெல்டிங் முறையைச் சோதித்துத் தேறியதற்கான பதிவு) வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

அந்த வேலையில் தவறுவது மூன்று இடங்களில். முதலாவது எலெக்ட்ரோடு. ஈ7018-க்கு 27 ஜூல் உத்தரவாதம் மைனஸ் 29 வரைதான். ஈ7018-1 மைனஸ் 46 வரை தாங்கும். பெட்டியில் அந்த ‘-1’ இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது டெஸ்ட் துண்டு. 7.11 மி.மீ சுவரில் 6 மி.மீ அகலத் துண்டு எடுத்தால் அது சுவரில் 80 சதவீதத்துக்கு மேல்; மைனஸ் 45-லேயே சோதிக்கலாம், தேவை 18-இல் 0.6 பங்கு, 10.8 ஜூல் சராசரி. லேப் வழக்கப்படி 5 மி.மீ வெட்டினால் 70 சதவீதம்தான். இன்னும் 7 டிகிரி கீழே இறங்கிச் சோதிக்க வேண்டும். வெட்டும் முன்பே லேபிடம் அகலத்தை எழுதிக் கொடுங்கள். ஹீட் அஃபெக்டட் ஸோன் (வெல்டின் சூடு பட்ட பைப் ஓரம்) துண்டுக்கு எட்சிங் செய்து, அதாவது அமிலம் தடவி, வெல்டின் எல்லைக் கோட்டைப் பார்த்தபின்தான் நாட்ச் (துண்டு உடைய வேண்டிய வெட்டு) போட வேண்டும். கண் மதிப்பில் போட்டால் நாட்ச் வெல்டுக்குள்ளோ பைப்புக்குள்ளோ போய்விடும்.

மூன்றாவது ஹீட் இன்புட், அதாவது வெல்டின் ஒவ்வொரு மி.மீ-க்கும் போகும் சூடு. 24 வோல்ட், 120 ஆம்பியர், நிமிடத்துக்கு 100 மி.மீ ஓட்டினால் ஒரு மி.மீ-க்கு 1.73 கிலோஜூல். வெல்டர் கீழிருந்து மேலே அகலமாக வீவ் போட்டு (பக்கவாட்டில் அசைத்து) 60 மி.மீ-க்கு இறங்கினால் 2.88. பிக்யூஆர் 1.8-இல் தேறியிருந்தால் அந்த மூட்டு செல்லாது, எக்ஸ்ரேயில் சுத்தமாகத் தெரிந்தாலும். ஒரு எலெக்ட்ரோடு தீரும்போது பீடு எத்தனை மி.மீ நீளம் வர வேண்டும் என்று டபிள்யூபிஎஸ்-இலேயே (வெல்டருக்கான செய்முறைத் தாள்) எழுதி, வெல்டர் கையில் ஒரு ஸ்கேலும் கொடுத்தால் அவரே அளந்து பார்த்துக்கொள்வார்.