குடியிருப்பின் ஸ்டோர் கொட்டகைகளை யார் நடத்துவது: குழுவா, மேலாளரா, வெளி நிறுவனமா?

கோலாலம்பூரின் பழைய அடுக்குமாடிகளில் வாழும் நம் குடும்பங்களிடம் வீட்டுக்குள் அடங்காத பொருள் எப்போதும் உண்டு. தைப்பூசத்தன்று பத்துமலைக்கு எடுத்துச் செல்லும் காவடியின் சட்டம், இரவுச் சந்தையில் கடை போடுபவரின் கூடாரக் கம்பிகள், விசேஷ வீடுகளுக்குச் சமைத்துக் கொடுப்பவரின் அண்டாக்கள் ஆகியவை ஸ்டோர் இல்லாத இடங்களில் நடைபாதைக்கும் படிக்கட்டுக்கும் வந்துவிடுகின்றன. தீப்பற்றினால் மக்கள் இறங்கி ஓட வேண்டிய வழியும் அதுதான். ஆகவே வளாகத்திலேயே கொட்டகைகள் கட்டி வீட்டாருக்கு மாத வாடகைக்கு விடுவது நல்ல ஏற்பாடு. அவற்றை யார் நடத்துவது என்பதில்தான் குடியிருப்புகள் தடுமாறுகின்றன. கூட்டு நிர்வாகக் குழுவே நடத்தலாம். பதிவு பெற்ற சொத்து மேலாளரிடம் ஒப்படைக்கலாம். எல்லாக் கொட்டகைகளையும் மொத்தமாக ஒரு சேமிப்பு நிறுவனத்திற்குக் குத்தகைக்கு விடலாம்.

முதலில் எந்தக் கொட்டகையைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். ஸ்ட்ராட்டா வரைபடத்தில், அதாவது அடுக்குமாடியின் ஒவ்வொரு வீட்டுக்குமான தனி உரிமையைக் காட்டும் வரைபடத்தில், ஒரு வீட்டின் துணைப் பகுதியாகக் குறிக்கப்பட்ட ஸ்டோர் அந்த வீட்டு உரிமையாளருடையது. 1985 ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா உரிமைச் சட்டம், 69 ஆவது பிரிவில், அதை வீட்டிலிருந்து பிரித்துக் கைமாற்றுவதைத் தடுக்கிறது. அதில் குழுவுக்கு வாடகை உரிமை இல்லை. வீட்டு உரிமையாளர்கள் அனைவருக்கும் பொதுவான இடத்தில் நிற்கும் கொட்டகைகளுக்கே இந்த ஒப்பீடு பொருந்தும்.

வாடகைப் பணம் வந்து சேருவதை மட்டும் பார்த்தால் மேலாளரே முந்துகிறார். அவரிடம் பராமரிப்புக் கட்டணத்திற்கான கணினிக் கணக்கு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். ஸ்டோர் வாடகையை அதே பில்லில் ஒரு வரியாகச் சேர்த்துவிட முடியும். குழு நடத்தும் இடங்களில் பெரும்பாலும் ஒருவரே நோட்டுப் புத்தகத்தில் எழுதி, கையில் ரொக்கம் வாங்கி, ரசீது கொடுக்க மறந்துபோவார். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், 2013 ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின்படி ஆண்டுக் கணக்கு தணிக்கைக்குச் செல்லும்போது, ரசீது இல்லாத வருமானம் அவருக்கே தலைவலியாகும். வெளி நிறுவனமோ மாதந்தோறும் ஒரே தொகையைக் கட்டிவிடும் என்பதால் கணக்கு மிக எளிது. ஆனால் அந்த எளிமைக்கு விலை கொடுப்பவர்கள் குடியிருப்பாளர்கள். சந்தை வாடகை கொடுக்க முடிந்தவருக்கே கொட்டகை கிடைக்கும் என்றாகிவிட்டால், அண்டா வைக்க இடம் தேடிய பெண்மணியின் பொருள் மறுபடியும் படிக்கட்டுக்கு வரும். வெளியாரின் லோரிகள் வளாகத்துக்குள் நுழைவதும் பாதுகாவலருக்குக் கூடுதல் சுமை.

யாருக்கு முதலில் கொடுப்பது என்பதில் குழுவுக்கே இயல்பான வலிமை இருக்கிறது. எந்த வீட்டில் முதியவர் சக்கர நாற்காலி வைத்திருக்கிறார், எந்த வீடு காலியாகக் கிடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அதே நெருக்கம் வேண்டியவருக்குச் சலுகை என்ற புகாரையும் கொண்டு வரும். காத்திருப்போர் பட்டியலை லிஃப்ட் அருகிலுள்ள அறிவிப்புப் பலகையில் வீட்டு எண்ணோடு ஒட்டி வைத்தால் அந்தப் புகாரில் பாதி எழாது.

உண்மையான சோதனை, வாடகை நின்றுபோன கொட்டகையில் தொடங்குகிறது. மூன்று வழிகளையும் இந்த இடத்தில் வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பூட்டை உடைத்துப் பொருளை வெளியே வைத்துவிடலாம் என்று பலர் நினைக்கின்றனர். 1950 ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7(2) ஆவது பிரிவு, வாடகைக்கு விடப்பட்ட இடத்தை, வாடகைக் காலம் முடிந்த பிறகும், நீதிமன்றத்தின் வழியாக அன்றி மீட்கக்கூடாது என்கிறது. எனவே கொட்டகையை வாடகைக் குடித்தனமாகக் கொடுப்பதைவிட, பயன்படுத்தும் அனுமதியாக மட்டும் எழுதிக் கொடுப்பது பாதுகாப்பானது. ஆயினும் தலைப்பில் அனுமதி என்று எழுதிவிட்டால் மட்டும் போதாது. ஏற்பாட்டின் உள்ளடக்கத்தையே நீதிமன்றம் பார்க்கும். கொட்டகையை மாற்றித் தரும் உரிமை, முன்னறிவிப்போடு திறந்து பார்க்கும் உரிமை, நிலுவை ஏற்பட்டால் எத்தனை நாளில் அனுமதி முடியும், எடுக்கப்படாத பொருள் எங்கே, எவ்வளவு காலம் வைக்கப்படும் என்பவை எல்லாம் அதில் இருக்க வேண்டும். வெளி நிறுவனங்கள் இத்தகைய ஒப்பந்தத்தை அச்சிட்டே வைத்திருக்கும். மேலாளர் வழக்கறிஞரிடம் எழுதி வாங்குவார். குழு பெரும்பாலும் வாய்மொழியோடு நின்றுவிடும். குழுவின் மிகப் பெரிய பலவீனம் இது. ஒரே ஒரு முறை வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுத்தால் தீர்ந்துவிடக்கூடிய பலவீனமும் இதுவே.

சாவி விஷயத்திலும் கவனம் தேவை. வாடகைதாரர் தம் சொந்தப் பூட்டைப் போட்டுக்கொண்டால் உள்ளிருக்கும் பொருள் அவர் பொறுப்பிலேயே இருக்கும். சாவியை வாங்கி வைத்துக்கொண்டு பொருளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டால், 1950 ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின்படி, பிறர் பொருளைக் காக்கும் பொறுப்பு குழுவின் தலையில் வந்து சேரக்கூடும். நல்லெண்ணத்தில் மாற்றுச் சாவி வாங்கி வைக்கும் குழுக்கள் இதை அவசியம் யோசிக்க வேண்டும்.

பராமரிப்பில் வெளி நிறுவனத்தின் கை ஓங்கியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆண்டு முழுவதும் ஈரப்பதமும் மழையும் நிறைந்த இந்த ஊரில் காற்றோட்டமில்லாத கொட்டகைக்குள் பூஞ்சையும் கரையானும் சீக்கிரமே நுழைந்துவிடும். கூரையிலோ பின்புறத்திலோ தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு பெருகினால், 1975 ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் அபராதம் வரும். எரிவாயுத் தோம்பு, பெட்ரோல், சாயம் ஆகியவற்றை உள்ளே வைக்கக்கூடாது என்பதையும் யாராவது நேரில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். மேலாளர் நிறுவனத்தின் ஊழியர் பல குடியிருப்புகளுக்குப் பொறுப்பானவராக இருந்தால், கொட்டகை அவர் பட்டியலின் கடைசியில்தான் இருக்கும்.

ஆகவே, சில பத்துக் கொட்டகைகள் மட்டும் உள்ள குடியிருப்பில் விதியையும் ஒதுக்கீட்டையும் குழு தன் கையில் வைத்துக்கொண்டு, பில்லையும் ரசீதையும் மட்டும் மேலாளரிடம் கொடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். வீட்டாரின் தேவை தீர்ந்த பிறகும் கொட்டகைகள் காலியாகக் கிடந்தால் மட்டுமே வெளி நிறுவனத்தை அழைக்க வேண்டும். அதுவும் பொதுக்கூட்டத்தின் ஒப்புதலோடு, குறுகிய காலத்துக்கு, குடியிருப்பாளருக்கே முதலுரிமை என்ற நிபந்தனையோடு. கொட்டகை விதிகளைக் கூடுதல் துணைவிதிகளாக நிறைவேற்ற 21 நாள் முன்னறிவிப்பும், வாக்களித்தோரில் நான்கில் மூன்று பங்கினரின் ஆதரவும் வேண்டும். அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் அறிவிப்புக் கடிதம் அச்சுக்குப் போகும் முன்பே அந்த விதிகளின் வரைவு தயாராக இருக்க வேண்டும்.