பழைய டியூபைக் கையில் வாங்காமல் கடையை விட்டு வராதீர்கள்

வடசென்னையில் ரோடு பைக் எனப்படும் ஒல்லி டயர் சைக்கிள் ஓட்டும் நண்பர்கள், குறிப்பாக அண்மையில் வாங்கியவர்கள், இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். பிப்ரவரி இறுதியிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை, ஆறு வாரங்களுக்குள், என் சைக்கிளின் பின்சக்கரம் நான்கு முறை பஞ்சரானது. முதல் மூன்று முறையும் ஒரே கடையில் பழுது பார்த்தேன். அந்த மூன்று பில்களின் கூட்டுத்தொகை 6,250 ரூபாய். நான்காவது முறை சைக்கிளை வீடு கொண்டுவந்து சேர்க்க மட்டும் 700 ரூபாய் ஆயிற்று. இத்தனைக்கும் காரணம், போக்ஸ் கம்பித் துளைகள் டியூபைக் கிழிக்காதபடி ரிம்முக்குள் போடப்படும் 180 ரூபாய் மதிப்புள்ள ஒரு பட்டையை அந்தக் கடையே தவறாக மாற்றி வைத்ததுதான். புகார் நடவடிக்கையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

பிப்ரவரியில் சைக்கிளை முழு சர்வீசுக்கு விட்டிருந்தேன். பின்சக்கரத்தில் ஒரு போக்ஸ் கம்பி உடைந்து, சக்கரம் சற்றே கோட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. கம்பியை மாற்றிக் கோட்டம் எடுத்துக் கொடுத்தார்கள். அந்த வேலை நன்றாகவே இருந்தது. பத்து நாள் கழித்து, காலையில் எண்ணூர் விரைவுச்சாலையில் போய்விட்டு வந்து நிறுத்திய சைக்கிள், மாலையில் பார்த்தபோது பின்பக்கம் காற்றில்லாமல் உட்கார்ந்திருந்தது. கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். "டியூப் போச்சு சார், ஒட்டினா நிக்காது" என்று சொல்லி, 650 ரூபாய்க்குப் புது டியூபும் 200 ரூபாய் கூலியுமாக 850 வாங்கிக்கொண்டார்கள். இரண்டு வாரத்தில் மீண்டும் அதே கதை. இம்முறை டயருக்கும் டியூபுக்கும் இடையில் வைக்கும் லைனர் ஒன்றை 900 ரூபாய்க்குப் பரிந்துரைத்தார்கள். டியூபும் கூலியும் சேர்த்து 1,750. மூன்றாவது முறை, டயரே தேய்ந்துவிட்டது என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனாலும் மறுத்துப் பேசும் அளவுக்கு அப்போது எனக்கு விவரம் தெரியாது. டயர் 2,800, டியூப் 650, கூலி 200.

ஒவ்வொரு முறையும் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ஏன் இப்படி ஆகிறது? ஒவ்வொரு முறையும் கிடைத்த பதிலும் ஒன்றுதான்: "எண்ணூர் ரோட்ல ஓட்டினா இப்படித்தான் சார் ஆகும். ரோடெல்லாம் கம்பியும் கண்ணாடியும்."

நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான், ஏனென்றால் அவர்கள் சொன்னது பொய்யில்லை. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நம் சாலைகளில், வெடித்த லாரி டயர்களின் துண்டுகள் ஓரமெங்கும் கிடக்கின்றன. ரேடியல் டயர்களுக்குள் பின்னப்பட்டிருக்கும் எஃகு இழைகள் அவற்றிலிருந்து உதிர்ந்து, தலைமுடி போலச் சன்னமாகவும் ஊசி போலக் கூர்மையாகவும் மண்ணோடு கலந்து கிடக்கும். மணலிப் பக்கம் இரும்புத் துகள்கள், காசிமேட்டுப் பக்கம் பாட்டில் சில்லுகள். மழை பெய்தால் இவையெல்லாம் அடித்துக்கொண்டு வந்து, நாம் ஓட்டுகிற அந்த ஓரத்திலேயே சேரும்; நனைந்த ரப்பரைக் கண்ணாடி எளிதாகவும் கிழிக்கும். ஆகவே சாலைதான் காரணம் என்று யாராவது சொன்னால், இங்கே பிறந்து வளர்ந்த நான் உடனே நம்பிவிடுவேன், நம்பினேன்.

நான்காவது பஞ்சர் பழவேற்காடு போகும் வழியில், மீஞ்சூருக்கு அருகில் நேர்ந்தது. சாலையோரப் பஞ்சர் கடைக்காரர் நல்ல மனிதர். ஆனால் அவருடைய பம்ப் என் டியூபின் மவுத்துக்குப் பொருந்தவில்லை. ரோடு பைக்குகளில் பெரும்பாலும் இருப்பது பிரெஸ்டா எனப்படும் ஒல்லியான வால்வு. மோட்டார் சைக்கிள் வால்வும் நம் பழைய சைக்கிள்களின் வால்டியூப் மவுத்தும் அதைவிடத் தடிமனானவை. இதற்கென ஒரு சிறிய பித்தளை அடாப்டர் விற்கிறது; அதை மாட்டிவிட்டால் எந்தக் கடையிலும் காற்றடித்துக்கொள்ளலாம். என்னிடம் அன்று அது இல்லை. (சில இடங்களில், ரிம்மின் ஓட்டையை டிரில் போட்டுப் பெரிதாக்கிச் சாதாரண டியூபை மாட்டித் தருவதாகச் சொல்வார்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். 6.5 மில்லிமீட்டர் ஓட்டை 8.5 ஆகிவிட்டால் ஆகிவிட்டதுதான்; ஒல்லியான ரிம்முக்கு அது பலவீனம்.) ஒரு குட்டியானை மினி லாரியைப் பிடித்து, சைக்கிளைப் படுக்க வைத்து, திருவொற்றியூர் வந்து சேர்ந்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, கடை விடுமுறை. அதனால் மட்டுமே அந்த டியூப் முதன்முறையாக என் கையில் சிக்கியது. அதற்கு முந்தைய மூன்று டியூபுகளையும் கடையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் கேட்டு வாங்கவில்லை.

மாடியில் வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன். குமிழி வந்த இடம் டியூபின் உட்புறம்; அதாவது தரையைப் பார்க்கும் பக்கம் அல்ல, ரிம்மைப் பார்க்கும் பக்கம், வால்வு முளைத்திருக்கும் பக்கம். சாலையில் கிடக்கும் எந்தக் கம்பியும் டயரைத் துளைத்து, டியூபின் வெளிப்பக்கத்தில் ஓட்டை போடாமல், உட்பக்கத்தில் மட்டும் ஓட்டை போட முடியாது. டியூபைச் சக்கரத்தின் மேல் வைத்து வால்வுக்கு நேராகப் பொருத்திப் பார்த்தபோது, ஓட்டை ஒரு போக்ஸ் கம்பியின் துளைக்கு நேராக நின்றது. அங்கே இருந்த பட்டையைத் தொட்டுப் பார்த்தேன். இழுத்தால் நீளும் மெல்லிய, குறுகலான ரப்பர் பட்டை. ஒரு பக்கமாக நகர்ந்து, துளையின் விளிம்பு பாதி வெளியே தெரிந்தது. முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். அங்கே கம்பெனியில் போட்ட அகலமான, இழுத்தால் நீளாத பிளாஸ்டிக் பட்டை துளைகளை முழுதாக மூடி, அசையாமல் இருந்தது.

நடந்தது இதுதான். கம்பி மாற்றும்போது பழைய பட்டையை எடுத்தாக வேண்டும். எடுத்தவர்கள், 40, 50 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) காற்றில் ஓடும் சாதாரண சைக்கிளுக்கான ரப்பர் பட்டையைப் போட்டு மூடிவிட்டார்கள். என் டயரில் அப்போது 90 பி.எஸ்.ஐ. அடித்தோம். அந்த அழுத்தத்தில் டியூப், ரப்பர் பட்டையையும் சேர்த்துத் துளைக்குள் அமுக்கும். பட்டை நகர்ந்த இடத்தில் நேரடியாக உலோக விளிம்பிலேயே உரசும். உடனே வெடிக்காது. சில மணி நேரமோ சில நாட்களோ கழித்து மெல்லக் கிழியும். ஓட்டும்போது நன்றாக இருந்த சக்கரம், வீட்டில் நின்றிருக்கும்போது காற்றிறங்கியதற்கும் இதுவே காரணம்.

இதை அறியாமை என்றுகூட மன்னித்திருப்பேன். ஆனால் டியூபைத் துடைத்துக் காயவைத்தபோது, ஓட்டைக்கு நேர் எதிர்ப்புறத்தில், பவுடர் பூசி மறைத்த ஓர் ஒட்டு தென்பட்டது. மூன்றாவது பில்லில் "புதியது, 650" என்று எழுதித் தந்த டியூப் அது. ஒட்டினால் நிற்காது என்று என்னிடம் சொன்னவர்கள், ஒட்டிய டியூபைப் புதியது என்று எனக்கே விற்றிருக்கிறார்கள்.

1946-இல் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., பிறகு நாடறிந்த டயர் நிறுவனமாக வளர்ந்தது. ரப்பரைப் பற்றித் தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருந்த அந்த ஊர்க்காரன் நான். யாரையாவது கேட்டிருக்கலாம் என்ற வருத்தம் இன்னும் போகவில்லை.

டியூபின் ஓட்டையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வெளிப்பக்கத்தில் ஒற்றை ஓட்டை இருந்தால் சாலையில் கிடந்த பொருள் குத்தியது. அது பெரும்பாலும் இன்னும் டயரிலேயே இருக்கும், எடுக்காமல் டியூபை மட்டும் மாற்றினால் அடுத்த டியூபும் போகும். கையால் தடவினால் விரல் கிழியலாம்; பஞ்சையோ பழந்துணியையோ டயரின் உட்புறம் சுற்றித் தேய்த்தால், இழைக்கம்பி இருக்கும் இடத்தில் நூல் மாட்டும். பாம்பு கடித்தது போல அருகருகே இரண்டு கிழிசல் இருந்தால், காற்று குறைவாக இருந்த டயர் பள்ளத்தின் விளிம்பிலோ தண்டவாளத்திலோ மோதி, டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவே நசுங்கியிருக்கிறது. வால்வின் அடியில் கிழிந்திருந்தால் காற்றடிக்கும்போது பம்பை ஆட்டியிருக்கிறார்கள். மாற்றிய அன்றே ஓரத்தில் ஓட்டை விழுந்தால், டயரை லீவரால் நெம்பியவர் டியூபையும் சேர்த்துக் கடிக்க வைத்திருப்பார். உட்பக்கம் என்றால் பெரும்பாலும் பட்டை. ஓட்டையின் இடத்தைச் சரியாகக் கண்டுபிடிக்க, டயரை மாட்டும்போது அதன் மேலுள்ள பெயரை வால்வுக்கு நேராக வைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கழற்றுவதற்கு முன் டியூபின் வலப்பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள்.

கடையில் செய்ய வேண்டியவை அதிகமில்லை. டயரைக் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஓட்டையைத் தண்ணீரில் காட்டச் சொல்லுங்கள். புது டியூபின் பெட்டி உங்கள் கண் முன்னால் பிரிக்கப்பட வேண்டும். பழையது உங்கள் பொருள், அது உங்களோடு வர வேண்டும். இதில் எதற்காவது முகம் சுளிக்கும் கடையில் சக்கரத்தை விடாதீர்கள்.

பஞ்சரைத் தடுப்பதில் பாதி, காற்றின் அளவில் இருக்கிறது. வழக்கமான பியூட்டைல் ரப்பர் டியூபிலிருந்து காற்று எப்போதும் மெல்லக் கசிந்துகொண்டேதான் இருக்கும். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து மதிப்பிட முடியாது. மீட்டர் உள்ள தரைப் பம்ப் ஒன்று வாங்கி, ஒவ்வொரு நீண்ட ஓட்டத்துக்கு முன்பும் பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்ட உச்ச அளவு, அடிக்க வேண்டிய அளவு அல்ல. 74 கிலோ எடையுள்ள நான் 25 மில்லிமீட்டர் டயரில் முன்னே 80, பின்னே 88 இப்போது அடிக்கிறேன். ஹுக்லெஸ் ரிம் (டயரைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி விளிம்பு இல்லாத ரிம்) வைத்திருப்பவர்கள் 72.5 பி.எஸ்.ஐ., அதாவது 5 பார் அளவைத் தாண்டவே கூடாது. இடம் இருந்தால் 28 மில்லிமீட்டர் டயருக்கு மாறுங்கள். காற்றைக் குறைத்து ஓட்டலாம், நசுங்கலும் குறையும். லைனர் எல்லாருக்கும் வீண் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ரிம் பக்கத்து ஓட்டைக்கு வெளிப்பக்கத்தில் லைனர் விற்பது மோசடி.

வழியில் பஞ்சரானால், டியூபை மாற்றுங்கள். ஒட்டுவதை வீட்டில் நிதானமாகச் செய்யலாம். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லியதாகப் பூசி, ஈரம் போகும் வரை ஐந்து நிமிடம் பொறுத்து, பிறகு ஒட்டுத் துண்டை வைத்து அழுத்த வேண்டும். இந்தப் பொறுமை இல்லாததால்தான் ஒட்டு நிற்பதில்லை. ஒரு டியூப், இரண்டு லீவர், கைப்பம்ப், அடாப்டர், டயர் கிழிந்தால் உள்ளே வைக்கப் பழைய டயரின் ஒரு துண்டு: இவை இருக்கைக்கு அடியிலுள்ள சிறு பையில் அடங்கும்.

மறுநாள் கடைக்குப் போனேன். உரிமையாளர் முதலில் அந்த டியூப் தங்களுடையதே அல்ல என்றார். பில்லைக் காட்டியபின், பதிலுக்கு ஒரு டியூப் இலவசமாகத் தருவதாகச் சொன்னார். கம்பி மாற்றிய பையன் மட்டும் தனியாக வந்து, "அந்தப் பட்டைதான் அண்ணா ஸ்டாக்ல இருந்துச்சு" என்றான். அவன் மீது எனக்குக் கோபமில்லை. அகலமான பட்டையை வேறிடத்தில் 180 ரூபாய்க்கு வாங்கி நானே மாட்டினேன். அதற்குப் பிறகு பின்சக்கரம் பஞ்சராகவில்லை, அதே எண்ணூர் சாலையில்தான் ஓட்டுகிறேன்.

அன்றே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். பில் இருந்ததால் வேலை எளிதானது. பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை என்பதால், சிறு தொகைக்கும் கேட்டு வாங்குங்கள். பதினோராம் நாள் கடையிலிருந்து அழைத்து, மூன்று டியூபுகளின் விலை 1,950 ரூபாயையும் கூலி 600 ரூபாயையும் திருப்பித் தந்தார்கள். டயருக்கும் லைனருக்கும் நான் கொடுத்த 3,700 ரூபாயைத் தர மறுத்துவிட்டார்கள். அதற்காகச் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்க மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்கலாம். டியூபை, அதிலிருந்த பழைய ஒட்டும் ஓட்டையும் தெரியும்படி மடித்து, அந்த ரப்பர் பட்டையோடும் மூன்று பில்களோடும் ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.