எடிட்டிங் டெஸ்ட்: நேரிலா, வீட்டிலா, ‘ஒரு அத்தியாயம் செய்து காட்டுங்க’ளா?

தமிழ்ப் பதிப்பகம், பத்திரிகை, மொழிபெயர்ப்பு நிறுவனம் என்று எங்கே எடிட்டர் வேலைக்கு விண்ணப்பித்தாலும் பெரும்பாலும் ஒரு டெஸ்ட் இருக்கும். நேரில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் முடிக்கச் சொல்வார்கள். மெயிலில் அனுப்பி இரண்டு மூன்று நாள் அவகாசம் தருவார்கள். அல்லது நிஜப் புத்தகத்திலிருந்தே ஓர் அத்தியாயத்தைக் கையில் கொடுப்பார்கள். என் ஓட்டு நேரில் எழுதும் டெஸ்டுக்கு. பலருக்கு அதுதான் பயம் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

அதில் சிரமம் உண்டு. அகராதி இருக்காது, நெட்டும் இல்லாமல் போகலாம். தமிழ்99 விசைப்பலகையில் பழகியவருக்கு, ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் போனடிக் முறை மட்டும் உள்ள கணினி வாய்த்தால் பாதி நேரம் எழுத்தைத் தேடுவதிலேயே போய்விடும். இதை முதல் நாளே போன் செய்து கேட்டுவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மற்றபடி எல்லோருக்கும் ஒரே தாள், ஒரே நேரம். ஒரு மணி நேரத்துக்கு மேல் உங்கள் உழைப்பை அவர்கள் எடுத்துக்கொள்ளவும் முடியாது.

இந்த மாதிரித் தாளில் எப்படிப்பட்ட வரி வரும்? நானே ஒன்று எழுதிப் பார்க்கிறேன்: ‘1947 ஆகஸ்ட் 15, சனிக்கிழமை நடந்த விழாவிற்க்கு வந்தவர்கள் தியாகிகளை நினைவு கூறினர்.’ ‘விழாவிற்க்கு’ என்பதில் க் கூடாது என்பது எல்லோர் கண்ணிலும் படும். ‘நினைவுகூர்ந்தனர்’ என்று திருத்துபவர்கள் அதைவிடக் குறைவு. அன்று வெள்ளிக்கிழமை என்பதைப் பிடிப்பவர்கள் இன்னும் குறைவு. நெட் இல்லையென்றால் கிழமையை நீங்களாக மாற்ற வேண்டாம், ஓரத்தில் ‘கிழமை சரிபார்க்கவும்’ என்று எழுதினாலே போதும். எதைத் தானே திருத்தலாம், எதை ஆசிரியரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்தவரைத்தான் நல்ல நிறுவனம் தேடுகிறது. முதலில் திருத்தாமல் ஒருமுறை முழுக்கப் படியுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தைத் தலைப்பு, பெயர், எண், கூட்டல் கணக்குக்கு ஒதுக்குங்கள்.

வீட்டு டெஸ்ட் பார்க்க சுகமாக இருக்கும். அகராதி பக்கத்திலேயே இருக்கிறது, காபியும் கிடைக்கும். ஆனால் நேரம் கையில் இருந்தால் தேவையில்லாத இடத்திலும் கை வைக்கத் தோன்றும். நெல்லைக் கதையில் ஒரு பாத்திரம் ‘அவிய வந்தாச்சா?’ என்று கேட்டால், அதை ‘அவர்கள் வந்துவிட்டார்களா?’ என்று மாற்றுவது கதையைக் கெடுப்பது. சாட்ஜிபிடி வந்த பிறகு இன்னொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது: திருத்தியது நீங்கள்தானா என்ற சந்தேகம். வேர்டில் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து காட்டும் டிராக் சேஞ்சஸைப் போட்டுவிட்டே வேலையைத் தொடங்குங்கள். முக்கியமான திருத்தங்களுக்கு ஏன் மாற்றினீர்கள் என்று கமென்ட்டில் ஒரு வரி எழுதுங்கள். பிறகு போனில் கேட்டாலும் தடுமாறாமல் பதில் சொல்லலாம்.

மூன்றாவது வகையில் எனக்குக் கோபம்தான் வருகிறது. இன்னும் அச்சாகாத கையெழுத்துப் பிரதி, முப்பது பக்கம், நாளை காலைக்குள் வேண்டும், காசு பற்றிப் பேச்சே இல்லை என்றால் அதை டெஸ்ட் என்று எப்படிச் சொல்வது? உங்களோடு விண்ணப்பித்த நண்பருக்கு அடுத்த அத்தியாயம் போயிருக்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம், புத்தகத்தைப் பங்கு போட்டு இலவசமாக முடிக்கிறார்கள். புதிதாக வேலை தேடுபவர்கள்தான் மறுக்கத் தயங்கி இதில் மாட்டுகிறார்கள்.

சண்டை போடாமலே மறுக்கலாம். ‘மாதிரிக்கு இரண்டு பக்கம் செய்து தருகிறேன். முழு அத்தியாயம் என்றால் பக்கத்துக்கு எவ்வளவு தருவீர்கள் என்று சொல்லுங்கள்’ என்று மெயிலிலேயே எழுதுங்கள், எழுத்தில் இருக்கட்டும். கூலி தருகிறோம் என்று ஒப்புக்கொண்டால் நான் இந்த மூன்றாவது வகையை வீட்டு டெஸ்டுக்கும் மேலே வைப்பேன், நிஜப் பிரதியில் வேலை செய்தால் அந்த இடம் எப்படிப்பட்டது என்று நமக்கும் தெரிந்துவிடும். பதிலே வரவில்லையென்றால் அடுத்த விண்ணப்பத்தைப் பாருங்கள்.