செட்டியார் தெருவில் ஒரு நீல வேட்டி

பாரிஸில் இருக்கும் அக்கா பழைய சாமான் சந்தையில் வாங்கி அனுப்பிய பாடுபட்ட சுரூபம் அது, சிலுவையில் அறையுண்ட இயேசுவின் உருவம். ஒரு சாண் உயரச் செம்பு ஆண்டவர், மேலே பொன் முலாம், கண்களில் கண்ணாடி மணிகள், இடுப்பில் கடும் நீல எனாமல் துணி. "ஆண்டவருக்கு ஏன் நீல வேட்டி?" என்று அம்மா முதல் நாளே கேட்டுவிட்டார். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் பிரான்சின் லிமோஜ் நகரப் பட்டறைகள் இப்படித்தான் செய்து ஐரோப்பாக் கோயில்களுக்கு அனுப்பின. முள்முடிக்குப் பதில் அரசமுடி. பாதங்கள் ஒன்றின்மேல் ஒன்று இல்லை, தனித்தனியாக. ஆகவே நாலு ஆணி. எங்களுடையது அசல் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பாணியில் நிறைய நகல்கள் வந்தன, அதில் ஒன்றாக இருக்கும்.

தபாலில் வந்தபோது வேட்டியில் அரை நகம் அளவு எனாமல் உதிர்ந்து, இடது கை ஆணியும் கழன்றிருந்தது. கொழும்பில் நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவில் இரண்டு கடைகளில் சரியாகப் பார்க்காமலே "நாளைக்கு வாங்க" என்றார்கள். மூன்றாவது, மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்னப் பட்டறை. நகை செய்யும் பத்தர் கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி, இது மேல பூசின பெயின்ட் இல்லை. செம்பைத் தோண்டி, பள்ளத்தில கண்ணாடித் தூளை நிரப்பி உருக்கியிருக்கு. திரும்ப நெருப்பில வைக்க ஏலாது, முலாம் போயிடும்."

இதற்காகவே காசு கொடுக்கலாம். எனாமலை உருக்கி, தேய்த்துச் சமமாக்கிய பிறகுதான் முலாம் பூசுவார்கள். மறுபடி அந்தச் சூட்டை அது தாங்காது. அவர் பசையில் நிறம் கலந்து பள்ளத்தை நிரப்பினார். பகலில் பார்த்தால் ஊதா கொஞ்சம் கூடுதல், மெழுகுதிரி வெளிச்சத்தில் தெரியாது. செம்புக் கம்பியில் செய்து அடித்த புது ஆணி அருமை.

அப்புறம்தான் கோபம். கேட்காமலே பொலிஷ் போட்டிருந்தார்கள். முழங்காலில் முலாம் தேய்ந்து செம்பு சிவப்பாக எட்டிப் பார்க்கிறது. விலா எலும்புக்கு உளியால் போட்ட மெல்லிய கோடுகள் பாதி மங்கிவிட்டன. "அழுக்கா இருந்தது தம்பி" என்றார். அது அழுக்கு இல்லை ஐயா, வயசு.

கூலி 4,500 ரூபாய். ஒரு கிழமை என்றார், மூன்று கிழமை எடுத்தது. இன்னொரு சாமான் உடைந்தால் அங்கேதான் போவேன், "பொலிஷ் வேண்டாம்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டிக்கொண்டு. அம்மாவுக்கு மட்டும் முழுத் திருப்தி. இப்பதான் கோயில் சாமான் மாதிரி மினுங்குதாம்.