சனிக்கிழமைச் சறுக்கு வகுப்பு: பிள்ளையைத் தாராளமாக அனுப்பலாம்

பல்கலைக்கழகச் சறுக்கு விளையாட்டு மன்றம் ஒன்றின் மாணவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு வந்து, சக்கரம் வைத்த பலகையில் நின்று ஓட்டும் ஸ்கேட்போர்டு சொல்லிக் கொடுக்கிறார்கள். கடலில் அலைச்சறுக்கு, பனியில் ஸ்னோபோர்டு, தரையில் ஸ்கேட்போர்டு என்று மூன்றும் அவர்கள் மன்றத்தில் உண்டு; நம் ஊருக்கு வருவது ஸ்கேட்போர்டு மட்டும். நான்காம் படிவத்தில் படிக்கும் என் மகளைச் சேர்த்திருக்கிறேன். தோட்டத்துப் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்குவதில்லை, பலகையும் அவர்களே தருகிறார்கள்.

சொல்லிக் கொடுக்கும் விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எடுத்ததும் பலகையில் ஏற்றவில்லை. ஒரு மாணவி என் மகளை நேராக நிற்கவைத்து, பின்னாலிருந்து தோளை லேசாகத் தள்ளினார். எந்தக் கால் தன்னால் முன்னே போகிறதோ, பெரும்பாலும் அதுவே முன்னங்கால். மகளுக்கு வலது கால். அதற்கு ‘கூஃபி’ என்று பெயராம். அப்படி நிற்பது தப்பே இல்லை என்று அந்தப் பெண் உடனே சொன்னதில் பிள்ளை முகம் தெளிந்தது. அப்புறம் புல்லில் விழுந்து பழகினார்கள். கையை நீட்டி ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். முழங்காலை மடக்கி, உடம்பைச் சுருக்கி, தோளோடு உருள வேண்டும். “விழத் தெரிஞ்சா பாதிப் பயம் போயிரும், ஆன்டி” என்றார் இன்னொரு தம்பி.

பக்கவாட்டில் நிற்பது மூன்று விளையாட்டுக்கும் பொது. ஆனால் ஸ்னோபோர்டில் இரண்டு காலையும் பூட்டிவிடுவார்கள், அலைப்பலகையில் பின்னங்காலில் ஒரு கயிறு, ஸ்கேட்போர்டில் ஒன்றுமே கிடையாது. மகளுக்கு இப்போது கடல் ஆசை வந்துவிட்டது. நம் பக்கத்து மலாக்கா நீரிணையில் பெரிய அலை கிடையாது. ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் தீபகற்பமே மறைத்துக்கொள்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது மன்றத்தார் அலைக்காகக் கிழக்குக் கரையில் இருக்கும் பகாங், செராத்திங் கடற்கரைக்குப் போகிறார்கள். நீச்சல் தெரியாத பிள்ளையைக் கூட்டிப்போக மாட்டோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். அந்தக் கண்டிப்புக்கு முழு மார்க்.

தலைக்கவசம்தான் போதவில்லை. மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். காத்திருக்கப் பொறுமையில்லாத பையன்கள் வெறுந்தலையோடு ஏறப் பார்க்கிறார்கள். மன்றம் இதை உடனே கவனிக்க வேண்டும். மழை பெய்தால் வகுப்பு இல்லை. அது நியாயம்தான்: மேப்பிள் மரத்தை ஏழு அடுக்காக ஒட்டிய பலகை ஈரத்தில் பிரிந்துவிடும், சக்கரத்து பேரிங் துருப்பிடிக்கும். ஆனால் ஹீவுட் தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைகள் கிளம்புவதற்கு முன்னாலேயே தகவல் சொல்லிவிடலாம்.

சிலிப்பர் போட்டு அனுப்பாதீர்கள். அடி தட்டையான சப்பாத்து வேண்டும். பள்ளிச் சப்பாத்தே போதும்.