மே தின விடுமுறைக்கு ஒரு காபிக் கடை: தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ்

திருவனந்தபுரம் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து சாலையைக் கடந்தால், பேருந்து நிலையத்தை ஒட்டி வட்டமாக உயர்ந்து நிற்கும் சிவப்புக் கட்டடம்தான் இந்தியன் காபி ஹவுஸ். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் கல்லூரியில் படிப்பவர்கள் மே தின விடுமுறையில் என்ன செய்யலாம் என்று கேட்டால் நான் இங்கே போகச் சொல்வேன். காபி நன்றாக இருக்கும், அது ஒரு காரணம். இங்கே வேலை செய்பவர்களே இந்தக் கடையின் சொந்தக்காரர்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

ஒரு காலத்தில் காபி ஹவுஸ்களை மத்திய அரசின் காபி வாரியம் நடத்தியது. 1950-களில் அவற்றை மூட முடிவெடுத்து ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலை போனவர்களைத் திரட்டி, கூட்டுறவுச் சங்கம் அமைத்து நீங்களே நடத்துங்கள் என்று முன்னால் நின்றவர் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன். 1957-ல் பெங்களூரில் முதல் சங்கம் பிறந்தது. 1958 மார்ச்சில் திருச்சூரில் கேரளத்தின் முதல் கடை திறந்தது. காபி ஆற்றியவர்களும் தட்டு கழுவியவர்களும் ஒரு நிறுவனத்தை எடுத்து நடத்தி, அது இத்தனை வருடம் தாக்குப்பிடித்திருக்கிறது. மே தினத்தைப் பற்றி வகுப்பில் சிகாகோவும் எட்டு மணி நேர வேலையும் படிக்கிறோம், 1923-ல் சென்னைக் கடற்கரையில் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் மே தினக் கொடியேற்றியதைப் படிக்கிறோம். அந்தப் போராட்டத்தின் பலன் ஒன்றை உள்ளே போய் உட்கார்ந்து பார்க்க முடிகிற இடம் இது.

கட்டடத்தைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டியது. உள்ளே தனித்தனி மாடிகள் கிடையாது. ஒரே சரிவுப் பாதை சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. வெளிச்சுவரை ஒட்டிக் கட்டியே வைத்த மேசைகளும் இருக்கைகளும். செங்கல் சுவரில் விட்டிருக்கும் ஓட்டைகள் வழியாக வெளிச்சமும் காற்றும் வந்துகொண்டே இருக்கும். சரிவில் உட்காரப் போகிறோம் என்று நினைத்தால், மேசை மட்டும் சமமாக இருக்கும். குறைந்த செலவில், உள்ளூர்க் கொத்தனார்களின் கைத்திறனை நம்பிக் கட்டியவர் பேக்கர். சிவில் இன்ஜினியரிங் படிப்பவர்கள் இதற்காகவே ஒரு முறை போகலாம்.

மசாலா தோசைக்குள் பீட்ரூட் கலந்த சிவப்பு மசாலா இருக்கும். நம் ஊர் மஞ்சள் உருளைக்கிழங்குக்குப் பழகிய நாக்குக்கு முதல் வாய் கொஞ்சம் இனிப்பாகத் தெரியும், இரண்டாவது வாயில் பிடித்துவிடும். கட்லெட்டும் அதே சிவப்புதான். எனக்குத் தோசையைவிடக் கட்லெட்டும் காபியும்தான் இஷ்டம். மாணவர் கையில் இருக்கும் காசுக்குத் தாங்கும் விலை.

பரிமாறுபவர்கள் வெள்ளைச் சீருடையும் விசிறி மடிப்புத் தலைப்பாகையுமாக வருவார்கள். நமக்கு அந்தச் சரிவு வேடிக்கை. அவர்கள் தட்டுகளோடு நாள் முழுக்க ஏறி இறங்குகிறார்கள். கூட்டம் குறைந்த மதிய நேரத்தில் எங்களுக்குப் பரிமாறியவரிடம், "சேட்டா, ரெண்டு நிமிஷம் பேசலாமா?" என்று கேட்டோம். தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். முதலில் எங்கள் படிப்பைப் பற்றி விசாரித்தார், அப்புறம் சங்கத்தைப் பற்றிச் சொன்னார். "இவிடே முதலாளின்னு தனியா ஆரும் இல்ல, நாங்க தான்" என்று சொன்னபோது குரலில் இருந்த நிமிர்வு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: பேசுங்கள், போனை நீட்டிப் படம் எடுக்காதீர்கள். மே தினம் என்றால் துப்புரவுப் பணியாளர்களை மேடையில் ஏற்றிச் சால்வை போர்த்திப் படம் எடுப்பதோடு முடித்துக்கொள்வதை நிறையக் கல்லூரிகளில் பார்க்கலாம். அந்தச் சால்வை அவர்களுக்கு எதற்கு உதவும்?

உதவுகிற ஒரு வேலையை நாங்கள் அந்த மேசையிலேயே செய்தோம். என் அம்மா அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், முந்திரி உடைக்கிறார். கூட வந்த இரண்டு பேரின் அம்மாக்களுக்கும் அதே வேலைதான். சம்பளத்தில் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பிடிக்கிறார்கள், ஆனால் கணக்கில் நாமினி, அதாவது தொழிலாளிக்குப் பிறகு பணம் யாருக்குப் போக வேண்டும் என்ற பெயர், சேர்க்கவில்லை. தொழிலாளி பணியில் இருக்கும்போது இறந்துபோனால் பிஎஃபோடு சேர்ந்த காப்பீட்டில் 7 லட்சம் ரூபாய் வரை குடும்பத்துக்குக் கிடைக்க வழி உண்டு. நாமினி இல்லையென்றால் அந்தப் பணத்துக்காகச் சான்றிதழ் சான்றிதழாக அலைய வேண்டும். யுஏஎன் எனும் பிஎஃப் உறுப்பினர் எண், ஆதாரோடு இணைத்த போன் எண், புகைப்படம் இருந்தால் பிஎஃப் இணையதளத்தில் நாமே சேர்க்கலாம். அன்று அம்மாவுக்கும் லீவு. போன் போட்டு ஓடிபி கேட்டேன். "யாருக்கும் சொல்லாதேன்னு போட்டிருக்கே மக்களே" என்று தயங்கித்தான் சொன்னார். கடைசியில் ஆதார் ஓடிபி போட்டு மின் கையொப்பம் வரை முடித்தால்தான் பதிவாகும், பாதியில் விட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டில் பிஎஃப் இல்லாத வேலை என்றால், கட்டட வேலைக்கும் மற்ற அமைப்புசாரா வேலைகளுக்கும் தமிழ்நாட்டில் நல வாரியங்கள் இருக்கின்றன. அந்தப் பதிவுக்கும் உட்கார்ந்து உதவலாம்.

மே 1 அன்றே போவதாக இருந்தால் கடை உண்டா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். அது அவர்களுடைய நாளும்கூட. இல்லையென்றால் மறுநாள் போங்கள். குழித்துறையிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ காலை ரயில் பிடித்தால் போதும், களியக்காவிளை வழியாகப் பேருந்தும் உண்டு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டாம், பேருந்துக்கு ஓடுகிறவர்கள் நிற்பார்கள். மூன்று மணிக்கு மேல் போய், மேல் சுற்றில் ஜன்னல் பக்கம் உட்காருங்கள்.